மூக்குக்கும் ஓய்வு

அன்புள்ள வீட்டுக்காரிக்கு,

மகள் வீட்டில் உனக்கு மூச்சுத் திணறல் குறைந்திருக்கிறதா? போனில் கேட்டால், "நல்லாத்தான் இருக்கேன்" என்று சட்டென வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன்.

பயிற்சி நிலையத்தில் நெடி அடிக்கும் தின்னர் கலக்கும் பெயிண்டை நிறுத்திவிட்டோம். இனி கார்களுக்குத் தண்ணீரில் கலக்கும் பெயிண்ட்தான். இந்த மாற்றத்துக்காகத்தான் என்னைத் திரும்பக் கூப்பிட்டார்கள் என்று நீ கிளம்பும்போதே சொன்னேன். "ரிட்டயர் ஆன பிறகும் அந்த நாத்தத்தை வீட்டுக்குள்ள கொண்டுவரணுமா?" என்று கேட்டுவிட்டுப் பையைத் தூக்கினாய்.

மாற்றம் லேசாக இல்லை. என் உதவியாளர், நாங்கள் 'மீசை' என்று கூப்பிடுபவர், பழைய கைப்பழக்கத்தில் புதுப் பெயிண்டிலும் தின்னரை ஊற்றிவிட்டார். பால் திரிந்த மாதிரி ஆயிற்று. மாணவர்களுக்கோ ஒரே கேலி. "மழை பெஞ்சா கார் கரைஞ்சிடுமா சார்?" என்கிறார்கள்.

என் பாடு அதைவிட மோசம். அடுத்த கோட் எப்போது அடிக்கலாம் என்று மோந்து பார்த்தே சொல்லிப் பழகியவன் நான். புதுப் பெயிண்ட் அடித்த கார்க் கதவின்மேல் குனிந்து மோந்தேன். நெடியே இல்லை. காய்ந்துவிட்டது, அடி என்றேன். அடித்தது வழிந்து தரைக்கு வந்தது. "சார், மூக்கையும் ரிட்டயர் பண்ணிடுங்க" என்றான் ஒருவன். நானும் சிரித்துவிட்டேன்.

இந்தப் புதுப் பெயிண்டில் ஈரப் பளபளப்பு அடங்கி மங்கினால்தான் காய்ந்ததாக அர்த்தம். கண்தான் பார்க்க வேண்டும். வியர்த்த நெற்றி விசிறினால் காய்வதுபோல, இதற்கும் காற்று ஊத வேண்டும் என்று உதாரணம் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அலுப்பு. சாயங்காலம் கால் கனத்துப்போகிறது.

உன்னிடம் மறைக்கவில்லை: நிறத்துக்கு மேலே பளபளப்புக்காக அடிக்கும் கிளியர் கோட் இன்னும் பழைய தின்னர் வகைதான். அதனால் அங்கேயே குளித்து, வேலை உடுப்பை அங்கேயே கழற்றிவிட்டு வருகிறேன். திரைச்சீலைகளைத் துவைத்தேன். மெத்தையை வெயிலில் போட்டேன். ஆனால் வீட்டில் நெடி போயிற்றா என்று எனக்குத் தெரியவில்லை. என் மூக்கு அதற்கு எப்போதோ மரத்துப்போயிற்று. மீசையை வரவழைத்துக் கேட்டேன். "ஒண்ணும் தெரியலையே சார்" என்றார். அவர் மூக்கும் என் மூக்கும் ஒரே வகுப்பில் படித்தவை.

புது நிறத்தை நேராகக் காரில் அடிக்கமாட்டோம். சின்னத் தகட்டில் அடித்துப் பார்ப்போம். நீயும் அப்படி ஒரு சோதனை என்று நினைத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை வா. வாசலில் நின்று மூச்சை இழுத்துப் பார். ஒத்துக்கொள்ளவில்லை என்றால் உள்ளே வர வேண்டாம். நான் வீட்டைப் பூட்டிக்கொண்டு உன்னோடு கிளம்புகிறேன்.

உன் மூச்சு சீராக ஓடட்டும். இங்கே ஜன்னல்களைத் திறந்தே வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் வாத்தியார்