அரிசி அறையில் வைத்த க்ளோசெட்

தேங்காப்பட்டணம்,
வெள்ளிக்கிழமை.

மதீனாவில் இருக்கும் என் மகன் ஷஹீருக்கு, உம்மா சுலைகா பீவி ஸலாம் சொல்லி எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். எனக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுக்குத்தான் குமட்டல்.

போனில் சொன்னால் "சரி உம்மா, சரி உம்மா" என்று வைத்துவிடுகிறாய். அதனால் மக்காவுக்கு உம்ரா செய்ய வருகிற நம் ஊர் உபைத் கையில் இதைக் கொடுத்து விடுகிறேன். அஞ்சாம் வகுப்புதான் படித்தேன். ஆனாலும் நான் எழுதியதற்கு இதுவரை யாரும் அர்த்தம் கேட்டதில்லை.

அங்கே இருந்துகொண்டே ஆள் வைத்து வீட்டைப் புதுப்பிக்கிறாய். வீட்டுக்குள்ளே செய்கிற வேலைக்குப் பஞ்சாயத்தில் அனுமதி வேண்டாம் என்று சொன்னாயாம். பஞ்சாயத்தைக் கேட்க வேண்டாம், சரி. வீட்டில் இருக்கிற என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கூடத்துச் சுவரில் அருவிப் படம் ஒட்டியிருக்கிறார்கள், சகிக்கவில்லை. முற்றத்தில் பிளாஸ்டிக் புல். கோழி அதைக் கொத்திப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்க்கிறது. கூரைக்குக் கீழே இன்னொரு வெள்ளைக் கூரை அடித்தார்கள். அதற்குள் எலி குட்டி போட்டிருக்கிறது.

இதெல்லாம் போகட்டும். அரிசி வைத்திருந்த அறையைக் கக்கூஸாக்கி க்ளோசெட் வைக்க உனக்கு எப்படி மனசு வந்தது? அடுக்களையில் மீன் கறி கொதிக்கிறது, பக்கத்தில் பினாயில் நாறுகிறது. என் முட்டுவலிக்காகத்தான் என்று ரைஹானத் சொன்னாள். உன் பெண்டாட்டியை நான் குறை சொல்லவில்லை. அருவருப்பை விழுங்கிக்கொண்டு உள்ளே போனேன். உட்காரப் போனவள் பதறி எழுந்தேன். முகம் நேரே கிப்லாவுக்கு! தொழுகிற திசையைப் பார்த்தா, என் மக்களே, வெளிக்கு இருப்பது? தூ!

கொத்தனார் சுதனைக் கூப்பிட்டு நன்றாகக் கொடுத்தேன். அவன் போனை எடுத்து, நீ பேசி அனுப்பியிருந்த குரலைப் போட்டான். "சுதா, க்ளோசெட்ட கெழக்கு மேக்காத்தான் வைக்கணும், கேட்டியா? தெக்கு வடக்கா வச்சிராத. கிப்லா தெக்கால்லா. மாத்தி வச்சா உம்மா என்னக் கொன்னுருவா."

அதற்குப் பிறகு சுதனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. மதீனாவில் கிப்லா தெற்கு. நம் ஊரில் கிப்லா மேற்கு, சூரியன் கடலில் விழுகிற பக்கம். அது உனக்கு மறந்துவிட்டது.

பழைய கக்கூஸையும் இடித்தாயிற்று. "நா கொஞ்சம் சரிஞ்சு இருந்துக்கிடுகேன் மாமி" என்கிறாள் ரைஹானத். அதைக் கேட்டு உன் மகள் தஸ்ரின் விழுந்து விழுந்து சிரிக்கிறாள். நான் மழையில் குடையைப் பிடித்துக்கொண்டு பக்கத்து வீட்டு சத்தியபாயிடம் போகிறேன். "வாங்கக்கா, இதுக்குப் போயி வெக்கப்படலாமா" என்கிறாள், நல்லவள். ஆனால் ஒரு கை உப்புக்கூட அடுத்த வீட்டில் கேட்காதவள் நான். அது உனக்குத் தெரியும்.

க்ளோசெட்டைத் திருப்பி வைக்கச் சுதனுக்குச் சொல்லு. ஆனால் போனில் சொல்லாதே, வந்து நின்று சொல்லு. வந்து ஒரு வக்து, ஒரே ஒரு வேளையாவது நம் வீட்டில் மேற்கே பார்த்து நின்று தொழு. நாளைக்கு என்னைக் கபர்க்குழியில் வைத்து முகத்தைக் கிப்லாவுக்குத் திருப்ப வேண்டியவன் நீதான். அப்போது திசை எது என்று பக்கத்தில் நிற்கிறவனிடம் கேட்டுவிடாதே, மக்களே.

அல்லாஹ் உன்னைச் சுகமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உன் உம்மா,
சுலைகா பீவி