பிரிக்காத பெட்டி

என் தங்கப் பேத்திக்கு,

தாத்தா எழுதுகிறேன். நானேதான்! வரிக்கு ஒரு வாய் டீ செலவாகிறது.

நேற்று வீடியோவில் உன் பல்கலைக்கழக விடுதி அறையைக் காட்டி, "எல்லாம் செட் ஆயிடுச்சு தாத்தா" என்றாய். "பாத்தீங்களாப்பா, மகாராணி மாதிரி இருக்கா!" என்று உன் அம்மா பூரித்தாள். நானும் தலையாட்டினேன்.

உன் பின்னால் வெறும் சுவர், அதையொட்டி ஓர் அட்டைப்பெட்டி. அதில் உன் அம்மா எழுதி ஒட்டியதை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டேன்: "போர்வை. போனதும் பிரி." நீ போய் ஒரு மாதம் ஆகிறது, கட்டிய கயிறு அப்படியே இருக்கிறது.

அவளிடம் சொல்லவில்லை. எழுதப் படிக்கச் சேர்ந்த முதியோர் வகுப்பில் நானும் முதலில் செருப்பைக் கழற்றாமல் வாசலோரமே உட்கார்ந்தேன், ஓடிவர வசதியாக. ஒருநாள் கால் வியர்த்தது, கழற்றினேன்.

குளிர்ந்தால் போர்வையை மட்டுமாவது எடுத்துக்கொள். அப்புறம் அந்தச் சுவரில் நீ ஏதாவது எழுதி ஒட்டு. எனக்குப் படிக்க வேறு வேண்டாமா?

கைநாட்டு வைக்காத
உன் தாத்தா