நான் விழுங்கிய சொல்

அன்பு மகள் யெசேனியாவுக்கு,

இன்று எழுந்ததும் முதல் வேலையாகக் கிளினிக்குக்குப் போன் செய்து எனக்குக் காய்ச்சல், வேலைக்கு வரமுடியாது என்று பொய் சொன்னேன். உடம்புக்கு ஒன்றுமில்லை, அப்பாவும் சுகம், பாஸ்டன் குளிரில் நீயும் சுகமாக இருக்க குவாதலூப்பே மாதாவை வேண்டிக்கொள்கிறேன். இங்கே பாதாம் பூத்துவிட்டது, அப்பா தும்மிக்கொண்டே இருக்கிறார்.

பொய் ஏன் என்று சொல்கிறேன். அடுத்த தெரு தோன்யா எவுலாலியாவை நினைவிருக்கும், கிறிஸ்துமஸுக்குத் தமாலே அவித்துச் சுடச்சுடக் கொண்டுவருவாரே. போன மாதம் பனிமூட்டத்தில் தோட்ட வேலைக்கு ஆட்களை ஏற்றி வந்த வேன் அவர் கண்ணெதிரே கவிழ்ந்தது. அன்றிலிருந்து சாப்பாடில்லை, தூக்கமில்லை. எங்கள் கிளினிக் டாக்டரிடம் அவர், "எனக்கு சுஸ்தோ புடிச்சிருக்கு, உசுரு அந்த ரோட்டுலயே நின்னுபோச்சு" என்று வேன் கதை முழுவதையும் சொன்னார். அவருடைய ஸ்பானிஷை மொழிபெயர்க்க உட்கார்ந்திருந்த நான், இவருக்குத் தூக்கம் வரவில்லையாம் என்று மட்டும் ஆங்கிலத்தில் சொன்னேன்.

தட்டு கைதவறி விழுந்தாலும் "ஐயோ, என்ன சுஸ்தோ!" என்று நாம் சிரிப்போம். அது சின்னது. வெறும் பயம் வரும், போய்விடும்; பெரிய சுஸ்தோ போகாது, ஆளைப் பிடித்து உருக்கிவிடும். ஆறு வயதில் நீ வாய்க்காலில் விழுந்து பேச்சற்றுக் கிடந்தபோது, அதே கரைக்கு உன்னைத் தூக்கிப்போய், பெயர் சொல்லி, "வாடி, வீட்டுக்கு வந்துடு" என்று உன் உயிரைக் கூப்பிட்டவள் நான். அந்த நான்தான், இளவயது டாக்டர் சிரித்துவிடுவாரோ, என்னையும் படிக்காதவள் என்று நினைத்துவிடுவாரோ என்று அந்தச் சொல்லை விழுங்கினேன்.

டாக்டர் தூக்க மாத்திரை கொடுத்தார். அந்தக் கிறக்கத்தில் தோன்யா எவுலாலியா படியில் விழுந்து மணிக்கட்டு உடைந்தது. நேற்று மாவுக்கட்டோடு வந்தவர், டாக்டர் உள்ளே வருமுன் என்னிடம், "நான் சொன்னது ஒரு முழம், நீ சொன்னது ஒரு சாண்கூட இல்ல. எனக்கு இங்கிலீஷ்தான் தெரியாது மகளே, அளக்கத் தெரியும்" என்றார். குரலில் கோபமே இல்லை. அப்போதும் நான் டாக்டரிடம் வாய் திறக்கவில்லை.

நீ வேளைக்குச் சாப்பிடு. ஞாயிறன்று சித்திக்குப் பிறந்தநாள், போன் செய்ய மறக்காதே. கடவுள் உன்னை நிழலாகக் காக்கட்டும். அப்பாவிடம்கூட இன்னும் சொல்லவில்லை: நாளை அந்த டாக்டரிடம் போய், தோன்யா எவுலாலியா சொன்னதை ஒரு சொல் விடாமல் சொல்லப்போகிறேன், அதை மறைத்தவள் நான் என்பதையும் சேர்த்து. வேலை போனால் போகட்டும்.

உன் அம்மா,
கிராசியேலா