மூன்று கறுப்பு ஒயரும் என் தையல் நூலும்

என் கண்ணுக்கு, அம்மா எழுதுவது.

அப்பாவும் நானும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், அவருக்குப் பத்து விரலும் பத்திரம், இதை முதலில் சொன்னால்தான் மீதியை நீ நிதானமாகப் படிப்பாய். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி, சௌக்கியமாக இருக்க வேண்டும். போன ஞாயிற்றுக்கிழமை போனில் கேட்டதற்கு நல்லாத்தான் இருக்கேன் என்று சொல்லிச் சட்டென்று வைத்துவிட்டாய், அதைக் கடைசியில் சொல்கிறேன்.

உங்க அப்பா வாங்கின, இரும்பு கடைகிற பழைய லேத் மெஷின் நேற்று ஓட ஆரம்பித்துவிட்டது. மெஷின் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நாளிலிருந்து அந்த மனிதர் வீட்டுக்குள் நடந்த நடையில் தரையே தேய்ந்திருக்கும், நான் எந்த டப்பாவைத் திறந்தாலும் பக்கத்தில் வந்து நின்றுகொண்டு மூடி சரியில்லை என்பார். அதனால் கைமாறின பட்டறை ஒன்றிலிருந்து அதைக் கொண்டுவந்து பின்பக்க ஷெட்டில் இறக்கியபோது, யானையைக் கட்டித் தீனி போடும் வேலை எதற்கு என்று நீ போனில் கத்தினாலும் எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான். ஆனால் அது மூன்று ஒயரில் கரண்ட் கேட்கிற த்ரீ பேஸ் மோட்டார், நம் வீட்டு லைனோ மிக்ஸி போட்டாலே விளக்கு மங்குகிற லைன். மனு கொடுத்து, ஆள் வந்து பார்த்து, புது மீட்டர் மாட்டவே ஒன்றரை மாதம் ஆனது. மெஷினிலிருந்து வரும் ஒயர் மூன்றும் கறுப்பு, எது எதுவென்று தெரியாது என்று பட்டறையில் கழற்றும்போதே அப்பா என் தையல் பெட்டியிலிருந்து எடுத்துப்போன சிவப்பு, மஞ்சள், நீல நூலை ஒவ்வொரு முனையிலும் கட்டி வைத்திருந்தார். அதைத் தொடாதே, மாறினால் மெஷின் எதிர்ப்பக்கம் சுற்றும், கடைகிற துண்டைப் பிடித்துக்கொள்கிற இரும்புச் சக்கு மரை கழன்று தெறிக்கும், நிற்கிறவன் மார்பெலும்பு போய்விடும் என்று மூன்று தடவை சொன்னார்.

நான் தொட்டேன். வேண்டுமென்று இல்லை கண்ணு. அவரும் ஒயர்மேனும் மெயின் சுவிட்ச் வாங்கப் போயிருந்தார்கள், வருவதற்குள் பளபளவென்று வைப்போம் என்று மண்ணெண்ணெய்த் துணியால் அழுக்கைத் துடைத்தேன், ஒயரையும் சேர்த்துத் துடைத்துவிட்டேன், பார்த்தால் மூன்று நூலும் துணியோடு வந்துவிட்டன. வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது, ஏதோ ஒரு குத்துமதிப்பில் கட்டிவிட்டு வந்து அடுப்படியில் நின்றுகொண்டேன். மூன்று நாள் சாப்பாடு இறங்கவில்லை. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறப்பேன், அவர் ஷெட்டுக்குள் சீட்டியடித்துக்கொண்டு ஒயருக்குக் குழாய் பதிப்பதைப் பார்ப்பேன், வாய் மூடிக்கொள்ளும். எத்தனை நாள் கழித்துச் சீட்டியடிக்கிறார் தெரியுமா.

நேற்றுக் காலை எல்லாம் மாட்டி முடித்து ஒயர்மேன் போடட்டுமா சார் என்று கேட்டார். உங்க அப்பா மெஷின் எதிரிலேயே நிற்கிறார். போடாதீங்க என்று நான் போட்ட கத்தலில் ஒயர்மேன் கையிலிருந்த ஸ்குரூடிரைவர் கீழே விழுந்தது. அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். உங்க அப்பா திட்டவில்லை. தெரியும் என்றார். நான் இரட்டை முடிச்சுப் போட்டு நுனியை நறுக்குவேன், இது விரலில் சுருட்டி இழுத்த உன் முடிச்சு, வந்த அன்றைக்கே பார்த்துவிட்டேன், நீயே சொல்வாய் என்று இருந்தேன் என்றார். பிறகு மோட்டாரிலிருந்து மெஷினைச் சுற்றவைக்கிற பெல்ட் ஆணியில் தொங்குவதைக் காட்டினார். யார் எப்படிக் கட்டினாலும் புது லைனில் முதல் தடவை பெல்ட்டைக் கழற்றிவிட்டு மோட்டாரை மட்டும் ஓட்டித்தான் பார்ப்பாராம், முப்பது வருஷப் பழக்கமாம். அது எந்தப் பக்கம் சுற்றினாலும் யாருக்கும் ஒன்றும் ஆகாதாம். மூன்று நாள் என்னைப் பட்டினி போட்டவரை என்ன செய்வது சொல். கோபத்தில் கையில் இருந்த துணியால் அவரை ஒரு அடி அடித்தேன், அடித்துவிட்டு மறுபடி அழுதேன், இந்தத் தடவை நிம்மதியில்.

மோட்டார் எதிர்ப்பக்கம்தான் சுற்றியது. இரண்டு ஒயரை மாற்றிப் போட்டார் ஒயர்மேன், இரண்டே நிமிஷம், சரியாகிவிட்டது. நூல் அப்படியே இருந்திருந்தாலும் புது லைனில் இப்படி ஆகும் என்று அவர் எனக்குப் பரிந்து பேசினார், ஆனால் இந்த வீட்டில் தீர்ப்பு எழுதியாகிவிட்டது, நான்தான் குற்றவாளி. சாயங்காலம் அப்பா எனக்கு ஒரு பித்தளை நூல்கண்டுத் தாங்கி கடைந்து கொடுத்தார். கொஞ்சம் சாய்ந்துதான் நிற்கிறது, நான் சொல்லவில்லை.

கை கழுவும்போது அப்பா சொன்னார், குட்டி அன்றைக்கு நல்லாத்தான் இருக்கேன் என்றாளே, அதுவும் அவள் முடிச்சு இல்லை என்று. எனக்கும் அப்படித்தான் பட்டது. அங்கே என்ன அவிழ்ந்ததோ தெரியாது. நோய் நொடி இல்லாமல் நீ நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும், அதுதான் எங்கள் இரண்டு பேருக்கும் வேண்டியது. ஆனால் குத்துமதிப்பில் எதையாவது கட்டி வைத்துக்கொண்டு என்னை மாதிரிப் பட்டினி கிடக்காதே. ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணு, மறக்காதே, பண்ணிச் சொல்லிவிடு. அது எந்தப் பக்கம் சுற்றினாலும் சரி, இங்கே நாங்கள் பெல்ட்டைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறோம்.

ஆயிரம் முத்தங்களுடன்,
உன் அம்மா
(பக்கத்தில் நின்று எழுத்துப்பிழை பார்க்கும் அப்பாவும்)