கதை ஓடும்போது கேள்வி கேட்கக் கூடாது

ஜூன் 9, 2025, திங்கள்

நேற்று நெற்குப்பைக்குப் போய் வந்தேன். மாதத்தின் இரண்டாவது ஞாயிறு, இரண்டு மணி நேரம் – பெற்ற பிள்ளையைப் பார்க்க எனக்குக் கிடைத்த வரம். கிருத்திகாவுக்கு ஐந்து வயது முடிந்துவிட்டது. என்ன சாப்பிட்டாய், இது என்ன கலர், எத்தனை வரை எண்ணுவாய் – கேட்டதற்கெல்லாம் தலையை மட்டும் ஆட்டினாள். கடைசியில், "அம்மாகூட ஒரு நாள் வந்து இருக்கியா?" என்றேன். ஓடிப்போய் அவள் அத்தைக்குப் பின்னால் நின்றுகொண்டாள்.

வாசலில் அவள் அப்பா வேல்பாண்டி சொன்னார்: "பிள்ள தானாக் கேட்டா சனி, ஞாயிறு அனுப்பி வைக்கிறேன். நீயா இழுத்தா அனுப்ப மாட்டேன்." பிரிந்து இரண்டு வருடம் ஆகியும் மனுஷன் குரலை உயர்த்துவதில்லை. அதுதான் எரிச்சல்.

புதுவயல் வரும்வரை பஸ்ஸில் அழுதேன்.

ஜூன் 17, செவ்வாய்

அங்கன்வாடிக்கு உதவியாளர் இன்னும் போடவில்லை. சமையலும் நானே, பாடமும் நானே. நேற்று சோறு வேகும்போதே ஒரு கதையைச் சொல்லிப் போனில் பதிந்தேன் – திருப்பத்தூர்ச் சந்தைக்குத் தனியாகப் பஸ் ஏறிப் போகும் ஆட்டுக்குட்டி. இன்று அதை ஓடவிட்டு, ஆளுக்கொரு ஆட்டுப் படமும் கிரேயானும் கொடுத்துவிட்டு அடுப்புக்குப் போனேன். பதினோரு பிள்ளைகள். ஒரு சத்தம் இல்லை. எனக்கே பயமாகி எட்டிப் பார்த்தேன்.

ஜூன் 18

ஏழு ஆடுகளின் கழுத்தில் மணி வரைந்திருக்கிறார்கள். கதையில் மணியே கிடையாது! போனில் மறுபடி கேட்டபோதுதான் புரிந்தது – நான் கிண்டிய கரண்டி சட்டியில் இடித்த சத்தம். இத்தனை வருடமாகக் கதை சொல்கிறேன். இவ்வளவு கூர்மையாகக் கேட்பார்கள் என்று நினைத்ததே இல்லை.

ஜூன் 26, வியாழன்

சப்ரின், சேர்ந்த நாளிலிருந்து வாயே திறக்காத பிள்ளை. இன்று கதையைக் கேட்டு ஆட்டுக்கு நீலம் அடித்துக்கொண்டே, யாரையும் பார்க்காமல், "பஸ்ல எடமில்லேல்ல, அதான் இது படியில நிக்கிது," என்றாள். சும்மா இருந்தேனா? "சபாஷ்! ஆடு என்ன கலரு, சொல்லு?" என்றேன். வாயை மூடிக்கொண்டாள். கிரேயானையும் வைத்துவிட்டாள்.

கையில் வேலை இருந்தால் காது திறக்கிறது, வாயும் திறக்கிறது. நான் கேள்வி கேட்டால் எல்லாம் மூடிக்கொள்கிறது. ஐயோ – நெற்குப்பையில் நான் வேறென்ன செய்கிறேன்?

ஜூலை 6, ஞாயிறு

இன்று யாரோடும் பேசவில்லை. கதையைப் போட்டு நானே கேட்டேன். இந்த ஒற்றை அறையில் என் குரல் எனக்கே தாங்கவில்லை.

ஜூலை 13, ஞாயிறு

ஒரு கேள்வியும் கேட்பதில்லை என்று சாமி கும்பிட்டுவிட்டுப் போனேன். கூடத்தில் உட்கார்ந்து கதையை ஓடவிட்டு, படத்தை விரித்து நானே வண்ணம் அடித்தேன். நாத்தனார் சத்தியப்பிரியா சிரித்தாள். "என்ன மதினி, நீங்களா அடிக்கிறீக? பிள்ள சும்மா நிக்கிது, பாருங்க." பல்லைக் கடித்துக்கொண்டேன். அரை மணி கழித்து ஒரு சின்னக் கை வந்து பச்சையை எடுத்தது.

பேசவில்லை. நானும் கேட்கவில்லை – ஒன்றுமே கேட்கவில்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

புதுக் கதை, மழைக் கதை. கிருத்திகா மேகத்துக்கு ஊதா அடித்துக்கொண்டிருந்தாள். தலை நிமிராமல், "ஒங்க வீட்டுல மழை ஒழுகுமா?" என்றாள்.

"ஒழுகாது."

"அங்க யாரு இருக்கா?"

"யாருமில்ல. நான் மட்டுந்தான்."

இன்னொரு மேகம் முழுக்க அடித்து முடித்தாள். "பயமா இருக்காதா?"

பொய் சொல்ல வரவில்லை. "இருக்கும்," என்றேன்.

கிரேயானைப் போட்டுவிட்டு எழுந்து உள்ளே அப்பாவிடம் போனாள். நான் படத்தையே பார்த்துக்கொண்டு இருந்தேன். குரல் மட்டும் கேட்டது: "அப்பா, நான் அம்மாகூடப் போயி இருக்கவா? அம்மா தனியா இருக்காம்."

ஆகஸ்ட் 16, சனி

எழுத உட்கார்ந்தேன். "அங்குட்டுத் தள்ளி உக்காரும்மா, படம் வைக்க எடமில்ல," என்கிறாள் கிருத்திகா.