வெட்டுப்படுகிற பக்கம்

15-8-74, வியாழன்

தாலுகா ஆபீஸ்காரர்கள் சுதந்திர தினத்தைக் கொண்டாட மாமல்லபுரம் போனார்கள். காலையில் குடையோடு போன என் வீட்டுக்காரர் ஏசுதாஸ், மாலையில் குடையில்லாமல் இரண்டு தடிப் புத்தகங்களோடு வந்து இறங்கினார். கடற்கரையில் ஒரு தாடிக்கார வெள்ளைக்காரன் வெயிலில் வாடிக்கொண்டிருந்தானாம். பண்டமாற்று.

"இன்னா புக்கு தெரியுமா? ஜப்பான் கத்திச் சண்ட! வாத்தியாரே வேணாம். படிச்சே கத்துக்கலாம்."

புத்தகம் ஆங்கிலம். ஏசுதாஸ் அவர்களின் ஆங்கிலம் 'யுவர் ஒபீடியன்ட் சர்வன்ட்' வரைக்கும் போகும். வீட்டில் பி.டி. படித்த டீச்சர் ஒருத்தி சும்மாதானே இருக்கிறாள்!

18-8-74

ஆராதனை முடிந்து வந்ததும் பாடம் தொடங்கியது. கிணற்றடிக் கல்லில் உட்கார்ந்து நான் ஒவ்வொரு வாக்கியமாகத் தமிழில் சொல்ல வேண்டும். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மூங்கில் கழியால் அதைச் செய்வார்.

'தூரத்து மலையைப் பார்ப்பதுபோல எதிரியைப் பார்.' செங்கல்பட்டில் மலைக்கா பஞ்சம்? ஏரிக்கு அந்தப் பக்கத்து மலையை முறைத்தபடி முன்னேறினார். நடுவில் தண்ணீர் வாளி இருந்தது. வாளிக்கு இப்போது ஒரு பக்கம் வயிறு ஒட்டிவிட்டது.

25-8-74

'ஈரத்துணியைப் பிழிவதுபோல இரண்டு கையாலும் பிடி.'

எழுதிய ஜப்பான்காரர், இதைவிட எளிய உவமை உலகத்தில் கிடையாது என்று நினைத்திருப்பார், பாவம். நாற்பது வயதுவரை ஒரு கைக்குட்டையைக்கூடப் பிழிந்தறியாத ஆண்பிள்ளை கையில் தன் புத்தகம் போய்ச் சேரும் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

"அது எப்பிடி? காட்டு."

கழியை வாங்கிக் காட்டினேன். சுண்டுவிரல் இறுகி, கட்டைவிரல் தளர்ந்து, மணிக்கட்டு உள்ளே திரும்பியதும் கழி கனமே இல்லாமல் ஆகிவிட்டது. சும்மா ஒரு தடவை தலைக்குமேல் தூக்கி இறக்கினேன். காற்றில் 'விஷ்' என்று ஒரு சத்தம். அவருக்கு ஒரு வாரமாக வராத சத்தம்.

"போதும் போதும், குடு."

7-9-74

சபைக்கு பெஞ்சு செய்கிற ஆபிரகாம் வேப்பமரத்தில் இரண்டு வாள்கள் இழைத்துக்கொண்டு வந்தார். கொடுக்கும்போது அவருக்கே மனம் கேட்கவில்லை. "சார், படத்துல கண்டபடி கோணலா கீது. சொன்னீங்கன்னா நிமித்திக் குடுத்துடறேன்" என்றார்.

12-9-74

வெட்டும்போது அடிவயிற்றிலிருந்து கத்த வேண்டுமாம். கோழி முட்டையிடுவதை நிறுத்திவிட்டது.

அடுத்த வீட்டுச் செங்கம்மாள் வேலியோரம் வந்து, "இன்னா டீச்சர், சாருக்கு ஒடம்புக்கு முடியலியா? பாஸ்டர் ஐயாவக் கூட்டாந்து ஜெபம் பண்ணக் கூடாதா?" என்றாள். போகும்போது, "ரெண்டு புள்ளைங்க கீதுன்னா இந்த வேலையெல்லாம் வருமா?" என்று ஒன்றைப் போட்டுவிட்டுப் போனாள்.

கூரை ஒழுகினாலும் இந்தத் தெருவுக்கு அதே காரணம்தான்.

29-9-74

இரண்டாம் புத்தகம். இதில் இரண்டு பேர் எதிரெதிரே நின்று செய்யும் வரிசைகள். ஒருவர் வெட்ட வருவார். மற்றவர் விலகி, வந்தவரை வெட்டுவார். யார் எந்தப் பக்கம் என்று எங்கள் வீட்டில் யோசிக்கவே இல்லை.

"நீ வந்து வெட்டு. நான் வெலகி உன்ன வெட்டறேன்."

இன்று பலமுறை செத்தேன். பிறகு எழுந்துபோய் சாம்பார் வைத்தேன்.

8-10-74

நாளைய பாடத்தைப் பள்ளிக்கூடத்தில் முன்கூட்டியே படித்துப் பார்த்தேன். ஒரு பத்தி என்னை உட்காரவைத்துவிட்டது. என் தமிழில்:

'வெட்ட வந்து வெட்டுப்படுகிற பக்கத்தில் எப்போதும் மூத்தவரே நிற்க வேண்டும். எவ்வளவு வேகம், எவ்வளவு தூரம், எங்கே நிறுத்துவது என்பதெல்லாம் அறிந்தவர் அவர். வெல்கிறவர் மாணவர். வெல்லும் தருணத்தை அவருக்கு மூத்தவர்தான் தருகிறார்.'

உண்மைதானே? இவர் கால் எடுப்பதற்குள் ஒரு பாட்டு பாடலாம். அதுவரை என் வாளைத் தலைக்குமேல் காக்கவைக்கிறேன். இடப்பக்கம் விலக வேண்டியவர் வலப்பக்கம் வந்தால், மண்டையில் படாமல் நான்தான் திருப்பிக்கொள்கிறேன். இவ்வளவும் செய்து சாகவும் செய்கிறேன்.

9-10-74

அந்தப் பத்தியை விட்டுவிட்டு அடுத்ததைப் படித்தேன். அவர் கவனிக்கவில்லை. நன்றாக வெட்டினார்— அதாவது, நன்றாக வெட்டுப்பட்டேன்.

20-10-74

பள்ளி மேனேஜர் கூப்பிட்டு அனுப்பினார். மிஷன் கடப்பாக்கத்தில் புதிதாகப் பள்ளி திறக்கிறது, வருகிற ஜூனில். தலைமையாசிரியை நான். நவம்பரில் சபையின் அறுப்பின் பண்டிகை முடிந்ததும் பதில் சொல்ல வேண்டும்.

வீட்டுக்கு வந்து சொன்னேன்.

"கடப்பாக்கமா? மீனும் மணலும் தவிர அங்க இன்னா கீது? நான் சோத்துக்கு இன்னா பண்றது?" கொஞ்சநேரம் கழித்து, "பொண்டாட்டி உத்தியோகத்துக்குப் பின்னாடி போற ஆம்பளன்னு நெனச்சியா என்ன?"

பின்னாடி வரச் சொல்லி நான் எங்கே கேட்டேன்? போகணும்னு ஆசைன்னு சொல்லக்கூட வாய் வரல. அம்மா அடுத்தவன் கழனில நாத்து நட்டு என்னப் படிக்கவெச்சா. எதுக்கு? இவர் வெட்டறதுக்குத் தலையக் குடுக்கவா?

இன்று என் வாள் அவர் காதை உரசிக்கொண்டு போயிற்று. "பாத்து, பாத்து!" என்றார். பார்த்துத்தான் செய்தேன்.

3-11-74

அறுப்பின் பண்டிகையில், காணிக்கைப் பொருள்களின் ஏலம் முடிந்ததும், சபையார் முன்னிலையில் ஜப்பானிய வாள் வித்தை. பாஸ்டர் ஐயா எப்படிச் சம்மதித்தார் என்றால், வாள் வேதாகமத்தில் 'பட்டயம்' என்று எத்தனையோ இடத்தில் வருகிறது என்று இவர் எடுத்துக் காட்டினாராம்.

எதிரே நிற்கப்போவது நான் இல்லை. அவருடைய ஆபீஸ் சிநேகிதர் சாலமோன். பாடகர் குழுவில் கட்டைக்குரல்.

"சபை நடுவுல பொண்டாட்டிய வெட்டறது நல்லா இருக்காது பாரு."

கிணற்றடியில் வெட்டினால் நன்றாக இருக்கும் போலிருக்கிறது.

17-11-74

ஒத்திகை பார்த்தேன். சாலமோன் வாளைத் தூக்கும்போது கண்ணை மூடிக்கொள்கிறார். இறக்கிய பிறகுதான் திறக்கிறார்.

"அவருக்கு நிறுத்தத் தெரியலீங்க. வேணாம்" என்றேன்.

"நீயே கத்துகினே. அவன் ஆம்பள, கத்துக்க மாட்டானா?"

சரி.

24-11-74, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதிவைக்கிறேன்.

மழை விட்டிருந்தது. பூசணிக்காய், வாழைத்தார், சேவல் எல்லாம் ஏலம் போன பிறகு இருவரும் வந்து வணங்கினார்கள். இவர் என் கறுப்புப் புடவையைக் கிழித்துப் பாவாடைபோலக் கட்டியிருந்தார். பையன்கள் விசிலடித்தார்கள். விசில் சாலமோனின் தலைக்கு ஏறிவிட்டது. கட்டைக்குரலில் கத்தினார் பாருங்கள், கட்டிப்போட்டிருந்த ஆடு அறுத்துக்கொண்டு ஓடிற்று. அதே வேகத்தில் வாளோடு வந்தார்.

இவர் காத்திருந்தார். வழக்கமாக நான் வேகத்தைக் குறைக்கிற இடம் ஒன்று உண்டு. அந்த இடம் வருமென்று காத்திருந்தார். வரவில்லை.

சத்தம் பின்வரிசைவரை கேட்டது. முதலில் எல்லோரும் கை தட்டினார்கள்.

வலது தோளெலும்பு. ஆஸ்பத்திரிக்கு ஜட்கா வண்டியில் கொண்டுபோனோம். வழியெல்லாம் சாலமோன் அழுதுகொண்டே வந்தார். இவர் அழவில்லை. இடது கையால் என் விரலைப் பிடித்திருந்தார்— அந்தப் பிடி மட்டும் புத்தகத்தில் இருப்பதுபோலவே இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு சிரிப்பு வரவில்லை.

26-11-74

தெரு முழுக்க வந்து பார்த்துவிட்டுப் போகிறது. "நல்ல வேள, டீச்சர் கீறீங்க" என்கிறாள் செங்கம்மாள். கடப்பாக்கம் இனி இல்லை என்று எல்லோரும் முடிவு செய்துவிட்டார்கள். என்னைத்தான் யாரும் கேட்கவில்லை.

1-12-74

கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். திடீரென்று கேட்டார்:

"சவுந்தரி, தெனம் நீயும்தான் வெட்ட வந்தே. ஒரு நாளும் படலியே, எப்பிடி?"

கிண்ணத்தை வைத்துவிட்டுப் புத்தகத்தை எடுத்து வந்தேன். விட்டுப்போன பத்தியை நிறுத்தி நிதானமாகப் படித்து, தமிழிலும் சொன்னேன்.

இடது கையால் புத்தகத்தை வாங்கி அந்தப் பக்கத்தை உற்றுப் பார்த்தார். பிறகு, "இத ஏன் அப்பவே சொல்லல?"

"சொல்லியிருந்தா அந்தப் பக்கம் நீங்க நின்னிருப்பீங்க. மண்ட எனக்கு ஒடஞ்சிருக்கும்."

சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்ளப் பார்த்தார். கட்டு விடவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு கிடக்க வேண்டியதாயிற்று.

சொல்லியிருந்தால் சாலமோனைக் கூப்பிட்டிருக்க மாட்டாரோ? கூப்பிட்டிருப்பார். நிச்சயம் கூப்பிட்டிருப்பார். ஆனாலும் கஞ்சி ஆறிப்போனது எனக்குக் கஷ்டமாக இருந்தது.

4-12-74

மேனேஜரிடம் 'வருகிறேன்' என்று சொல்லிவிட்டேன். வீட்டில் கேட்கவில்லை, சொன்னேன்.

"கை ஒடஞ்சவன உட்டுட்டா?"

"ஜூன்லதாங்க. அதுக்குள்ள எலும்பு கூடிடும்."

16-2-75

எலும்பு கூடிவிட்டது, கை தோளுக்குமேல் எழும்பவில்லை. கிணற்றடியில் நான் தனியாகச் செய்வதைக் கதவோரம் நின்று பார்க்கிறார். எதுவும் சொல்வதில்லை. அவர் எதுவும் சொல்லாமல் இருப்பதை இந்தக் கல்யாணத்தில் இப்போதுதான் பார்க்கிறேன்.

31-5-75

பெட்டி, பாத்திரம், ஒரு வாள். பஸ் கண்டக்டர், "இன்னாம்மா இது, உலக்கையா?" என்றான். ஆமாம் என்றேன். இவர் ஸ்டாண்டுவரை வந்தார். அரிசி எத்தனை விசில் என்று இரண்டாம் தடவை கேட்டார்.

8-6-75, கடப்பாக்கம்

பள்ளிக்கூடத்துக்கு இன்னும் கதவு வரவில்லை, பிள்ளைகள் வந்துவிட்டார்கள்.

விடியற்காலையில் கடலோரம் இடிந்து கிடக்கிற பழைய கோட்டைச் சுவருக்குப் பின்னால், மணலில் வாளோடு நின்றிருந்தேன். மீன்கூடையோடு போன மாரியம்மா நின்றுவிட்டாள்.

"இன்னா டீச்சர், யாரையோ வெட்டிகினு கீறே?"

"யாரையும் இல்லம்மா. பழக்கம்."

"ஆளு இல்லாட்டி சொல்லு, எங்க வூட்டாண்ட ரெண்டு பேரு கீறானுங்கோ. அனுப்பறேன்."

15-6-75

தலைவலி. ஒன்றாம் வகுப்பில் பாதிப் பிள்ளைகளுக்கு வயது பத்து. சந்தோஷமாக இருக்கிறேன் என்று எழுதப் பயமாக இருக்கிறது.

22-6-75, ஞாயிறு

சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார். இளைத்திருக்கிறார். சோறு குழைகிறதாம், செங்கம்மாள் தினமும் வேலியோரம் நின்று துக்கம் விசாரிக்கிறாளாம்.

சாயங்காலம் இரண்டுபேரும் மணலுக்குப் போனோம். அவரால் தோள்மட்டம்வரைதான் தூக்க முடிகிறது. நான் அதற்குத் தகுந்தாற்போல் வந்தேன். விலகினார், இந்த முறை சரியான பக்கம்.

"இப்ப சரியா?" என்று கேட்டார். என்னிடம் அவர் இதைக் கேட்டது இல்லை.

"கால் இன்னும் லேட்டு" என்றேன்.

கடைசி பஸ்ஸுக்கு நிற்கும்போது, வேறெங்கோ பார்த்துக்கொண்டு சொன்னார்: "மதுராந்தகம் ஆபீசுக்கு மாத்தல் கேட்டுக்கீறேன். அங்கருந்து இங்க தெனம் வந்து போலாம். வேற ஒண்ணும் இல்ல... அங்க அடிக்கிற கடக்காத்து தோளுக்கு நல்லதாம். டாக்டர் சொன்னாரு."

மதுராந்தகத்தில் கடல் கிடையாது. ஏரிதான் உண்டு.

"ஆமாங்க, ரொம்ப நல்லது" என்றேன்.