அம்மா எழுதிய கட்டுரை

அன்புச் சின்னுவுக்கு,

நானும் அப்பாவும் சுகம், உன் அண்ணன்தான் சளி பிடித்து மூக்கை உறிஞ்சிக்கொண்டு திரிகிறான், நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன். சேதி சொல்லக் கை பரபரக்கிறது. மாலைக் கல்லூரியில் சேர்ந்ததிலிருந்து கட்டுரை என்றாலே நான் ஓடி ஒளிவேன் என்று உனக்குத் தெரியும். பல் ஆஸ்பத்திரி வரவேற்பு மேசையில் நாள் முழுக்கப் பேசுகிறவளுக்கு, பேனாவை எடுத்தால் ஒரு வரி வராது. நோயாளிகள் காத்திருப்பதைப் பற்றித்தான் முதல் கட்டுரை, நாலு புத்தகத்திலிருந்து பெரிய பெரிய வார்த்தைகளாகப் பொறுக்கி அடுக்கிக் கொடுத்தேன். பேராசிரியை ஓரத்தில் ஒரே வரி எழுதித் திருப்பிவிட்டார், நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று இதில் தெரியவில்லை என்று. அழுகை வந்துவிட்டது, படிப்பும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று அப்பாவிடம் சொன்னேன். அவர் வெங்காயம் உரித்துக்கொண்டே, சரி, என்னதான் சொல்ல வந்தாய் என்று கேட்டார். காத்திருக்கிறவர்களுக்கு நேரமாகிறதே என்ற கோபத்தைவிட, நம்மை மறந்துவிட்டார்களோ என்ற பயம்தான் அதிகம், நான் நிமிர்ந்து ஒரு தடவை பார்த்தாலே பாதிப் பேர் அமைதியாகிவிடுவார்கள் என்றேன். "இதையே எழுதேன்" என்றார் உன் அப்பா.

எழுதினேன் சின்னு. அந்த நாலு புத்தகத்தில் ஒன்றை எழுதியவர் சொன்னது எனக்கு ஏன் ஒத்துவரவில்லை என்றுகூட எழுதினேன். நேற்று வகுப்பில் வாசிக்கச் சொன்னார்கள். என்னோடு படிக்கிற, முன்வரிசை வங்கி ஊழியர் எழுந்து, உங்கள் மேசையில் நடப்பது எல்லா இடத்துக்கும் பொருந்துமா என்று கேட்டார். நல்ல கேள்விதான். முன்பானால் மயங்கியே விழுந்திருப்பேன். "தெரியலைங்க, அதைத்தான் அடுத்து பார்க்கணும்" என்றேன். பேராசிரியை சிரித்துவிட்டு, மாணவர் கருத்தரங்கில் என் பெயரைப் போட்டுவிட்டார். மேடை, மைக் எல்லாம் உண்டாம். என்ன உடுத்துவது என்று இப்போதே அலமாரியைக் கலைத்துப் போட்டாயிற்று, அண்ணன் தும்மிக்கொண்டே கேலி செய்கிறான்.

உன் ஆராய்ச்சியின் இரண்டாம் அத்தியாயம் நகரவில்லை, எனக்கு எழுதவே வராது போலிருக்கிறது என்று போனில் நீ சொன்னது மனதைவிட்டுப் போகவில்லை. அன்றைக்குச் சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டேன். இப்போது சொல்கிறேன், நன்றாக வந்த பிறகு காட்டலாம் என்று பூட்டி வைக்காதே, அரைகுறையாகவே எனக்கு அனுப்பு. புரியாத இடத்தில் எல்லாம் கோடு போட்டு ஏன் எதற்கு என்று கேட்பேன், கோபித்துக்கொள்ளக் கூடாது.

எடுத்த காரியம் கைகூடி நீ நன்றாக இரு கண்ணே. வெளியே போகும்போது காதை மூடிக்கொள். ஞாயிற்றுக்கிழமைக்குள் அத்தியாயம் வரவேண்டும்.

உன் அம்மா,
முதலாம் ஆண்டு மாணவி